'பழகிடும்' என்று சொல்லும் ஏலத்தோட்ட முதலாளிமார்களுக்கு

இடுக்கி மலையில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் முதலாளிமார்களுக்கும், மேலாளர்களுக்கும், சூப்பர்வைசர் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

போன மார்கழியில் ஒரு காலை. மணி ஏழே கால் இருக்கும். ஜீப்பிலிருந்து இறங்கிய பெண்களில் ஒருவர், எனக்கு மதினி முறை, தூக்குவாளியை என்னிடம் நீட்டி, "இதக் கொஞ்சம் திறந்து குடு" என்றார். உள்ளே வரக்காப்பி. மூடி ஒன்றும் இறுக்கமாக இல்லை, நான் தொட்டதும் திறந்துகொண்டது. அவருடைய விரல் நுனிகள்தான் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்துக் கிடந்தன. குடித்துவிட்டு, ஸ்டோருக்குள் கால் மணி நேரம் நின்றுவிட்டு வரட்டுமா என்று சூப்பர்வைசரிடம் கேட்டார். உள்ளே பறித்த ஏலக்காய் டிரையரில் காய்ந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தாலே முகத்தில் வெதுவெதுப்பு வந்து அப்பும்.

தம்பி கெட்டவர் இல்லை. "வேலையில இறங்குங்கக்கா, சூடாயிரும். பழகிடும்" என்றார், சிரித்துக்கொண்டேதான்.

மதினி இந்த மலைக்கு வேலைக்கு வர ஆரம்பித்து 11 வருஷம் ஆகிறது. 11 வருஷமாகப் பழகாதது இனிமேல் என்றைக்குப் பழகும்? அன்றைக்கு மனதில் விழுந்த கேள்வி. தம்பி ஒருவரிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது, எல்லா மலைத் தோட்டத்திலும் இதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் போடிக்காரி, மலைக்குக் கீழே தேனி மாவட்டத்து ஊர். அம்மா 20 வருஷத்துக்கு மேல் மலை வேலைக்குப் போனவர். நான் படித்ததால் செடிக்கு அடியில் உட்காராமல் ஸ்டோரில் கணக்கு எழுத உட்கார்ந்தேன். காய் எடை, ஆள் கணக்கு, கூலி, ஜீப்பு வாடகை, விறகு எல்லாம் என் நோட்டில்தான். வேலைக்குப் போய்வருவது அவர்களோடு அதே ஜீப்பில். ஆனால் எனக்கு டிரைவர் பக்கத்துச் சீட்டு. பின்னால் உட்காருகிறவர்கள் படுகிற குளிரில் பாதிகூட எனக்கு இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஜீப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன் போடியில் கிளம்புவோம். சித்திரை மாதமென்றால் அந்த நேரத்திலேயே கழுத்தில் வியர்வை இருக்கும், ராத்திரி முழுக்கத் தகரக் கூரைக்கு அடியில் புரண்ட வியர்வை. போடி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 350 மீட்டர். போடிமெட்டு 1,300 மீட்டருக்கும் மேலே. நடுவில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று ஆறரை டிகிரி வாக்கில் குளிரும் என்பது பள்ளிக்கூடப் பாடம். ஜீப்பின் பின்பக்கம் திறந்திருந்தால் ஓடுகிற காற்று அதற்குமேல். வியர்த்த ரவிக்கை முதுகோடு ஒட்டியிருக்க, அதே ஈரத்தில் அந்தக் காற்று படும். மாலையில் எல்லாம் தலைகீழ். ஈரப் புடவையோடு இறங்கி வந்து, பகலெல்லாம் வெயில் வாங்கிய வீட்டுக்குள் நுழைவார்கள். ஒரே உடம்பு, ஒரே நாள், இரண்டு பருவம். முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று வருஷத்துக்குப் பங்குபோட்டு வைத்ததை இவர்கள் ஒரு நாளிலேயே பார்த்துவிடுகிறார்கள்.

இனி இந்தப் பழக்கம் என்பதற்கு வருகிறேன். அது பொய் என்று நான் சொல்லவில்லை. வெயிலுக்கு உடம்பு நிஜமாகவே பழகும். ஒரு வாரம், இரண்டு வாரம் தினமும் வெயிலில் வேலை செய்தால் வியர்வை சீக்கிரமே வரும், அதிகமாக வரும், அதில் உப்பு குறையும், நெஞ்சு அடித்துக்கொள்வதும் அடங்கும். ஆனால் அந்தப் பழக்கத்துக்கு ஆயுசு குறைவு. சில வாரம் நிழலில் இருந்தால் போய்விடும். சொந்த ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறவர் வெயிலுக்கு மறுபடியும் புது ஆள்தான். அந்த முதல் நாட்கள்தான் ஆபத்தும். வேலையிடத்தில் வெயில் தாக்கி இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முதல் நாளிலும், 70 சதவீதத்துக்கு மேல் முதல் வாரத்துக்குள்ளும் இறந்திருக்கிறார்கள் என்று அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்புத் துறை சொல்கிறது. அதனால் புதிதாக வருகிறவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் வெயிலில் வேலை, பிறகு நாளுக்கு அதே அளவு கூட்டிக்கொண்டு போவது என்று அங்கே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் மலையில் புது ஆளுக்குத்தான் முதல் நாள் தூரத்து மூலையில் வேலை.

குளிருக்குப் பழகுவது வேறு கதை. வெயிலுக்குப் பழகுகிற அளவு உடம்பு குளிருக்குப் பழகுவதில்லை. பெரும்பாலும் பழகுவது ஆள்தான்: எந்தத் துணியை எப்படிச் சுற்றுவது, எந்தப் பாறைக்குப் பின்னால் காற்று அடிக்காது, எப்போது நெருப்புப் போடுவது. குளிரிலேயே இருப்பவருக்கு நடுக்கம் கொஞ்சம் குறையலாம். நடுக்கம் குறைந்தது வெளியே தெரியும். விரல் விறைத்தது விரலுக்குச் சொந்தக்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

இதில் ஊர்ப் பெயரைச் சொல்லி முடிவு கட்டுகிற வழக்கம் ஒன்று உண்டு. "கீழ்நாட்டு ஆளு, குளிர் தாங்காது." "மலை ஆளு, வெயில் தாங்காது." "வடக்கத்திப் பையன், எல்லாம் தாங்குவான்." ஜார்க்கண்டிலிருந்து வந்த பையன்கள் சிலர் எங்கள் ஸ்டோருக்குப் பக்கத்து அறையில் தங்கியிருந்தார்கள். அவர்கள் ஊரில் குளிர்காலம் இங்கிருப்பதைவிடக் கடுமை, கோடை போடியை மிஞ்சும். அவர்களே ஆடிச் சாரலில் மூன்றாம் நாள் சுருண்டுவிட்டார்கள். அன்றைக்குப் பெரிய குளிர் ஒன்றும் இல்லை, 18 டிகிரிக்குக் கீழே போயிருக்காது. காலையிலிருந்து மாலை வரை நனைந்த துணிதான் காரணம். தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட 25 மடங்கு வேகமாகக் கடத்திக்கொண்டு போகும். மார்கழியின் காய்ந்த பத்து டிகிரியில் நின்றுவிடலாம், ஆடியின் நனைந்த 18 டிகிரியில் நிற்க முடியாது. இது மலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். தோட்டத்துச் சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானிக்குத் தெரியாது.

அதேபோல, மூணாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் என் பெரியம்மா மகள், வைகாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போடிக்கு வந்து பந்தியில் மயங்கி விழுந்தாள். "மலையில இருந்துட்டு வந்து சீன் போடுறா" என்று ஒரு அத்தை சொன்னது என் காதில் விழுந்தது. அதே அத்தை அடுத்த தையில் அவள் வீட்டுக்குப் போனார். செண்டுவாரைப் பக்கமெல்லாம் புல்லில் வெள்ளையாக உறைபனி படியும் நாட்கள். மூன்று நாளும் குரங்குக் குல்லாவைக் கழற்றவே இல்லை, அடுப்படியை விட்டு நகரவும் இல்லை. சீன் என்று அப்போது யாரும் சொல்லவில்லை, நான் உட்பட. கேட்டிருக்கலாம்.

சரி, ஊர் மட்டும்தானா காரணம் என்றால், இல்லை. ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே வீட்டிலேயே ஆளுக்கு ஆள் வேறு. இதை நம் வீட்டுக் கிழவிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "அவளுக்குச் சூட்டு உடம்பு, மோர் குடு. இவனுக்குச் சீதள உடம்பு, சுக்குத் தட்டிப் போடு" என்று ஒரே பந்தியில் இரண்டு விதமாகப் பரிமாறுவார்கள். அந்தச் சொல்லெல்லாம் வைத்திய சாத்திரப்படி சரியா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஒருத்தர் மாதிரி இன்னொருத்தர் இல்லை என்று ஏற்றுக்கொண்டு அதற்கேற்ற தம்ளரை எடுத்து வைத்தார்களே, அதைச் சொல்கிறேன். வீட்டில் இருக்கும் இந்த அறிவு ஜீப்பு ஏறி மெட்டுக்கு வருவதில்லை.

மதினி விஷயத்துக்கே வருகிறேன். அவருக்கு ரத்தம் குறைவு. பல வருஷமாக அப்படித்தான். இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கு உடம்பில் சூடு உண்டாவதும் குறையும், உண்டான சூட்டைப் பிடித்து வைப்பதும் சிரமம். தைராய்டு சுரப்புக் குறைந்தாலும் இதே கதை. இது ஏதோ ஒன்றிரண்டு பேருக்கு இருக்கும் அபூர்வ நோய் என்று நினைத்துவிடாதீர்கள். தேசியக் குடும்பநல ஆய்வு, 2019-21-இல் எடுத்தது, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்றது. ஜீப்பின் பின்னால் பன்னிரண்டு பெண்கள் இருந்தால் ஆறு பேர். உடம்பில் சதைப்பிடிப்பு இல்லாதவர்களுக்குக் குளிர் இன்னும் சீக்கிரம் ஏறும். வயதானவர்களுக்கு வியர்வை குறைவு என்பதால் வெயில் சீக்கிரம் தாக்கும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர்களில் சிலருக்கு அந்த மாத்திரையே வெயிலைக் கடினமாக்கும். இதில் எதுவும் முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், வெட்கப்பட என்ன இருக்கிறது. 51 வயது. மாதவிலக்கு நிற்கிற சமயம். பத்து வருஷத்துக்கு முன்னால் ஸ்டோருக்குள்ளேயே ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்தவள், இப்போது பனி கொட்டுகிற காலையில் திடீரென்று கழுத்திலிருந்து காது வரைக்கும் தீப்பிடித்ததுபோல் எரிந்து, வெளியே ஓடிவந்து தண்ணீர்த் தொட்டிச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொள்கிறேன். ஐந்து நிமிஷத்தில் வியர்த்துக் குளிர்ந்து மறுபடியும் ஸ்வெட்டர். அதே மலை, அதே நாற்காலி, அதே நான். என் உடம்பே பத்து வருஷத்தில் வேறு உடம்பு ஆகிவிட்டது என்றால், இன்னொருவர் உடம்பைப் பற்றி நான் எதை வைத்துச் சொல்வேன்?

பெரிய கட்டடங்களில் ஏசி வைக்கும் அளவைப் பற்றி 2015-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் ஒன்று எழுதினார்கள். எத்தனை டிகிரியில் மனிதருக்கு வசதி என்ற கணக்கு, பல பத்தாண்டுகளுக்கு முன் 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆண் உடம்பை வைத்துப் போட்டதாம். பெண்கள் உடம்பில் சூடு உண்டாவது அதைவிடக் குறைவு. ஆண்கள் சட்டையோடு இருக்கும் அறையில் பெண்கள் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதனாலும்தான். ஏலத்தோட்டத்தில் ஏசி இல்லை. ஆனால் எத்தனை மணிக்கு வேலையில் இறங்க வேண்டும், எப்போது நிற்கலாம் என்று சொல்கிறவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் ஜெர்க்கின் போட்ட, பைக்கில் வந்து இறங்கிய, முப்பது வயது ஆண்.

எங்கள் பக்கத்துப் பழனி மலையை ஆண்ட பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான் என்று சின்ன வயதில் படித்தோம். மயில் ஆடியது, அவனுக்கு அது நடுங்கியதாகத் தெரிந்தது. தன் குளிரை மயில் மேல் ஏற்றிப் பார்த்துவிட்டான் என்று கிண்டல் செய்வோம். அந்தப் பிழையில் யாருக்கும் நஷ்டமில்லை, ஒரு போர்வையோடு போயிற்று. தன் உடம்பின் கதகதப்பை அடுத்தவர் மேல் ஏற்றிப் பார்க்கிற பிழைதான் எங்கள் ஸ்டோர் வாசலில் நடந்தது.

வெயில் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் மடல் அரைகுறை. கேரளத் தொழிலாளர் துறை கோடை வந்தால் ஓர் உத்தரவு போடும். வெட்டவெளியில் வேலை செய்கிறவர்களுக்குப் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை ஓய்வு. நல்ல உத்தரவு. அதிலேயே ஒரு விலக்கு: கடல் மட்டத்திலிருந்து 3,000 அடிக்கு மேல், வெயில் தாக்க வாய்ப்பில்லாத இடங்களுக்கு இது பொருந்தாது. உங்களில் பலர் முதல் பாதியைப் படித்துவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறீர்கள். 3,000 அடி என்றாலே விலக்கு என்று எடுத்துக்கொள்கிறீர்கள். நிழல்மரம் வெட்டிய சரிவிலும், மறுநடவுக்காகத் திறந்துவிட்ட பிளாட்டிலும் சித்திரை நண்பகலில் நின்று பாருங்கள். காற்று குளிர்ச்சியாக இருக்கும், தோல் கருகும். உயரம் ஏற ஏற வெயிலின் புறஊதாக் கதிர் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். அங்கே நிற்கிற பெண் கேரளத்திலேயே கீழே பாலக்காட்டில் இருந்திருந்தால், மூன்று மணி வரை நிழலில் உட்கார்ந்திருக்க வேண்டியவர். ராத்திரி தகரக் கூரைக்கு அடியில் தூங்காத உடம்பும்கூட.

2024 கோடை உங்களுக்கு மறந்திருக்காது. மழை பொய்த்து, மலையில் இல்லாத வெயில் அடித்து, தோட்டம் தோட்டமாக ஏலச்செடி காய்ந்தது. அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்? பச்சை வலை வாங்கிச் செடிக்கு மேலே கட்டினீர்கள். லாரி வைத்துத் தண்ணீர் ஊற்றினீர்கள். செடிக்கு வெயில் தாங்காது என்று பார்த்ததும் தெரிந்தது. அந்த வலையைக் கட்ட உச்சிவெயிலில் ஏணி பிடித்து நின்றவர்களின் ஆள் கணக்கும் என் நோட்டில்தான் இருக்கிறது.

செடி விஷயத்தில் உங்கள் அறிவை நான் மதிக்கிறேன். மலபார் ரகம் தாழ்ந்த இடத்தில் நிற்கும், மைசூர் ரகம் உயரத்தில் காற்றைத் தாங்கும், வழுக்கை ரகம் இரண்டுக்கும் நடுவில், ஞள்ளாணி காய் கொட்டும் ஆனால் கவனிப்புக் கேட்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். டிரையரில் சூடு ஐம்பதைத் தாண்டி அதிகம் ஏறினால் பச்சை நிறம் போய்விடும் என்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வந்து பார்க்கிற முதலாளியையும் எனக்குத் தெரியும். ஒரு காய்க்கு எத்தனை டிகிரி தாங்கும் என்று தெரிந்துவைத்திருப்பவர், அதைப் பறிக்கிற விரலுக்கு எத்தனை டிகிரி தாங்கும் என்று கேட்டதே இல்லை. சொல்கிறேன்: விரலின் தோல் 15 டிகிரிக்குக் கீழே போனால் அதன் நுணுக்கம் போய்விடும். தூக்குவாளி மூடி திறக்காது. சரத்தில் பழுத்த காயையும் பிஞ்சையும் தடவிப் பிரித்தெடுக்க வராது.

கருணை கேட்டு எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம். 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17-ஆம் பிரிவிலேயே, மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு கொடுக்கச் சொல்லி மாநில அரசு விதி செய்யலாம் என்று எழுதினார்கள். எங்கோ டெல்லியில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கே மலைக்குளிர் தெரிந்திருக்கிறது. தினக்கூலிக்கு ஜீப்பில் வருகிறவர்கள் கைக்கு அந்தக் கம்பளி வந்து நான் பார்த்ததில்லை. அம்மாவிடம் இருந்தது யூரியா சாக்கு.

இனி கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். ஜீப்பின் பின்பக்கத்துக்கு ஒரு படுதா. பெரிய செலவில்லை, நீங்கள் சொன்னால் டிரைவரே தைத்துப் போட்டுவிடுவார். சாரல் மாதங்களில் மாற்றுத் துணி வைக்கவும் மாற்றவும் கதவுள்ள ஓர் அறை. கோடையில் புதிதாக வருகிறவருக்கும், ஒரு மாதம் ஊருக்குப் போய்த் திரும்பியவருக்கும் முதல் வாரம் நிழலில் வேலை. நிழலில்லாத பிளாட்டில் 12 முதல் 3 வரை யாரும் வேண்டாம், அடி எத்தனையானாலும்.

அப்புறம் டிரையர் அறை. இதற்கு எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஆளுக்குக் கால் மணி என்று சட்டம் போட வேண்டாம். பாதிப் பேருக்குத் தேவையே இருக்காது. மதினியோடு வரும் இன்னொரு அக்கா அதே காலையில் ஸ்வெட்டர்கூட இல்லாமல் பாட்டுப் பாடிக்கொண்டு கூடையைத் தூக்கிக்கொண்டு போவார். கேட்கிறவருக்கு மட்டும் கொடுங்கள். ஏன் என்று கேட்காமல் கொடுங்கள். ரத்தம் குறைவு என்பதையும் மாதவிலக்கு என்பதையும் முப்பது வயதுத் தம்பியிடம் வாசலில் நின்று விளக்க எங்களால் முடியாது. ஏமாற்றுவார்களே என்பீர்கள். ஓரிருவர் ஏமாற்றட்டுமே, கால் மணி நேரம்தானே. வேலையில் இறங்காத பதினைந்து நிமிஷத்தைப் பார்க்கிற நீங்கள், விறைத்த கையோடு வேலையில் இறங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் என்ன வந்தது என்று பார்ப்பதில்லை.

நான் பார்த்திருக்கிறேன். மதியத்துக்கு முன்னால் வரும் எடையும், மதியத்துக்குப் பின்னால் வரும் எடையும் தனித்தனியாகத்தான் எழுதுகிறேன், ஆள்வாரியாக. கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால் கூட்டிச் சொல்லவில்லை. ஸ்டோருக்கு வரும்போது மேசையின் இடது பக்க இழுப்பறையைத் திறந்து நீலநிற நோட்டை எடுங்கள். மார்கழி, தை, ஆடிப் பக்கங்களின் ஓரத்தை மடித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்டோரில் கணக்கு எழுதும் போடிக்காரி